குரலுக்கு உரியவர்

ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணத் தெரியாதவர்கள் ஊரில் யாருமில்லை. ஆனாலும் அந்த வருடங்களில் ஜனங்கள் முப்பது எண்ணுவதற்குப் பயந்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வரும். இனிமையான ஒரு பெண்குரல், ஒன்று முதல் முப்பது வரை நிதானமாக எண்ணச் சொல்லும். எண்ணி முடிப்பதற்குள், பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் மூச்சு எங்கே தடுக்கியது, இருபத்திரண்டில் நாக்கு எவ்வளவு பிந்தியது என்பதையெல்லாம் இயந்திரம் கேட்டுக்கொண்டு, இந்த உடம்புக்கு இன்னும் எத்தனை வருடத்தில் என்ன வரும் என்று ஒரு மதிப்பெண் போட்டுவிடும். ஒன்று என்றால் ஆள் கல்லுக்குண்டு. ஐந்து என்றால் பாலிசி கிடையாது. முன்பெல்லாம் ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தியதாவது தெரிந்தது.

இயந்திரம் சொல்வதை ஒரு மனிதக் காதும் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்தக் காதுகளில் ஒரு ஜோடி சிந்துஜாவினுடையது. அவிநாசி ரோட்டில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், ஐந்து வருடமாக, நாளைக்கு நூற்றைம்பது குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று உறுதி, இன்னொன்று மறுப்பு. மறுத்தால் பட்டியலிலிருந்து ஒரு காரணம் எடுத்துப் போட்டு, அதை ரெஜினா மேடத்துக்கு விளக்கவும் வேண்டும். இயந்திரம் தப்பே செய்யாது என்று யாரும் சொல்லவில்லை. அது தப்பு என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் உண்டு. என்ன வரப்போகிறது என்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லக் கூடாது. அது கம்பெனியின் சொத்து. ஒரு நாள், பொள்ளாச்சிப் பையன் ஒருவன், இருபத்தாறு வயது, பக்கத்தில் யாரோ கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி சிரித்துக்கொண்டே முப்பது எண்ணினான். ஐந்து. இதயம். சிந்துஜா உறுதி அமுக்கினாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே அவள் பாட்காஸ்ட் தொடங்கினாள். தனியாக ஒருத்தருக்குச் சொல்லக் கூடாது என்றால், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லலாமே என்பது அவளுடைய நியாயம். ‘கொஞ்சம் உட்காருங்க’ என்று பெயர். வாரம் ஒன்று, இருபது நிமிடம். தூக்கம், மூட்டுவலி, கோபம், மூச்சு, ஷிப்ட் மாறும்போது சாப்பாட்டை எப்படி மாற்றிக்கொள்வது, எந்தெந்தத் தொந்தரவுக்கு வீட்டு வைத்தியம் போதாது, எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூலிகை எண்ணெய்க்காரர் ஒருவர் விளம்பரம் கொடுக்க மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் வேண்டாம் என்றாள். திங்கள், செவ்வாய் பஸ்ஸில் போகும்போது குறிப்பு எடுப்பாள். காரை அலுவலகத்துக்கு எடுத்துவருவது புதன்கிழமை மட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிங்கில் அதற்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, தலையோடு பஞ்சு அடைத்த ஒரு ரஜாயைப் போர்த்திக்கொண்டு பதிவு செய்வாள். ஏ.சி. போட்டால் இரைச்சல் விழும். அரை மணி கழித்து, குளித்துவிட்டு வந்தவள் மாதிரி சீட்டில் போய் உட்காருவாள். யாராவது கேட்டால் மாடிப்படி ஏறி வந்ததாகச் சொல்வாள். ஆறு மாடியை ஏறுகிறாளே என்று அலுவலகத்தில் அவள்மேல் தனி மரியாதை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கணவன் பிரசன்னா அதை வெட்டி ஒட்டிச் சரி செய்வான். பம்பு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை. இருமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கையை நீட்டி, “ஆறு இருமலுக்கு ஆறு பஜ்ஜி” என்பான்.

அவள் பெயரை மட்டும் எங்கும் சொன்னதில்லை. ஆரோக்கியம் சம்பந்தப்பட்ட வேறு எதிலும் ஊழியர் ஈடுபடக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கியிருந்தார்கள். கேட்பவர்களுக்கு அவள் வெறும் அக்கா. ஆனால் கேட்பவர்கள் அப்படியல்ல. நம் ஜனங்களிடம் ஒரு மைக்கை நீட்டினால் போதும், பெயர், ஊர், தெரு, என்ன வேலை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கெல்லாம் வணக்கம் சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் வந்த விஷயத்துக்கு வருவார்கள். ரேடியோவுக்குப் பாட்டுக் கேட்டு எழுதிய காலத்திலிருந்து வந்த பழக்கம். கேள்விகளைக் குரலில் பதிந்து அனுப்பச் சொன்ன சிந்துஜா, இதைத் தடுக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, ஊர்வாசனை அடிக்கிறது என்று நினைத்து, பெயரும் ஊரும் சொல்லித் தொடங்குங்கள் என்று அவளே கேட்டுக்கொண்டாள். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். இரண்டு வருடத்தில் ஒன்பதாயிரம் பேர் கேட்டார்கள், முந்நூறு பேருக்குமேல் பேசி அனுப்பினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவள் திரைக்கு வந்த குரல் முப்பது எண்ணவில்லை.

“வணக்கம்ங்க்கா. நான் சென்னியப்பன், கோபிச்செட்டிபாளையத்துல இருந்துங்க. மொடச்சூர் ரோட்டுல வீடு. பள்ளிக்கூட வேன் ஓட்டறனுங்க. என்ற சம்சாரத்துக்கும், மக காவியாவுக்கும் ஒரு வணக்கம் சொல்லீருங்க. அப்பறம், இந்த முதுகுவலிதானுங்க்கா...”

போன வாரம் அவள் நிகழ்ச்சியில் வந்த குரல். கடைசியில் “சொல்லுங்க அண்ணா” என்று அவளுடைய குரலே ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே மதிப்பெண் ஐந்து. நரம்பு, நடுக்கம், நான்கு முதல் ஆறு வருடம்.

சிந்துஜா எழுந்து ரெஜினா மேடத்திடம் போனாள். ரெஜினா அந்தப் பிரிவின் தலைமை. தூத்துக்குடிக்காரர், கோயம்புத்தூருக்கு வந்து இருபது வருடமாகியும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர்.

“மேடம், இந்தச் சாம்பிள் எண்ணுன மாதிரி இல்லைங்க. என்னமோ பேசறாங்க.”

“அதா? இந்த மாசத்திலேர்ந்து அப்படியும் வரும். வெளியே ஒரு ஏஜென்சிகிட்ட வாங்குதோம். பாட்காஸ்ட், கல்யாண வீடியோ, கோயில் மைக்கு, எல்லாத்தையும் அலசி எடுத்துத் தாரான்.”

“அவங்க சம்மதம் வேண்டாமுங்களா?”

“ஊருக்கே கேக்குற மாதிரி பேசிட்டு, அப்புறம் என்ன சம்மதம்? பொதுவுல பேசுனது பொதுச்சொத்து.”

“ஆளு யாருன்னு எப்படிங்க தெரியும்? குரலை வெச்சா?”

“குரலை வச்சு ஆளைத் தேடுனா ஜெயிலு. குரல்ரேகை எடுக்கவே கூடாது, ரெண்டு குரலும் ஒருத்தர்தானான்னு ஒப்பிடவும் கூடாது. சட்டம் அப்படி. உடம்பு எப்படின்னு மட்டும்தான் கேக்கலாம். யாருன்னு அவங்க வாயாலயே சொல்லியிருக்கணும். ‘நான் இன்னார்’னு சொன்ன எடத்துலேர்ந்து அடுத்த பேரு வர்ற வரைக்கும் மிஷின் வெட்டி எடுத்துக்கிடும். பேரு சொல்லாத குரல் குப்பைக்குப் போயிரும்.” ரெஜினா நிமிர்ந்து சிரித்தார். “ஆனா இந்த நிகழ்ச்சி இருக்கே, தங்கச் சுரங்கம்லா! ஒவ்வொருத்தரும் பேரு, ஊரு, தெரு எல்லாம் ஒப்பிச்சுட்டுத்தான் ஆரம்பிக்காங்க. அந்த அக்கா யாருன்னு தெரிஞ்சா கோயிலே கட்டலாம்னு ஏஜென்சிக்காரன் சொல்லுதான்.”

கோயில் கட்ட வேண்டிய அக்கா தன் சீட்டுக்குத் திரும்பினாள். மறுப்பதற்கான காரணங்களின் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். இது என் நிகழ்ச்சி, இந்த மனிதர் என்னை நம்பிப் பேசினார் என்று அதில் ஒரு காரணம் இல்லை. மேடம் பின்னால் நடந்துவந்து கொண்டிருந்தார். சிந்துஜா உறுதி அமுக்கினாள்.

பத்தொன்பது நாள் கழித்து சென்னியப்பனிடமிருந்து இன்னொரு பதிவு வந்தது. காருக்குள் உட்கார்ந்து கேட்டாள்.

“முதுகு இப்பப் பரவால்லைங்க்கா. வேன் ஓட்டறதில்லைங்களே, அதனாலகூட இருக்கலாம். டிரைவர் இன்சூரன்ஸு புதுப்பிக்க மாட்டேன்னுட்டாங்களாமா. இன்சூரன்ஸு இல்லாத டிரைவர வெச்சுக்க முடியாதுன்னு பள்ளிக்கூடத்துல சாவிய வாங்கிட்டாங்க. காரணம் கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. பதினாறு வருசமுங்க்கா, வண்டியில ஒரு கீறல் இல்லை. தூக்கம் வர மாட்டேங்குது. அதுக்கு எதாச்சும் சொல்லுங்க.”

சிந்துஜா ரஜாயை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவமானமாக இருந்தது. உலகத்தில் அந்த மனிதருக்குக் காரணம் தெரிந்து சொல்லக்கூடிய ஒரே ஆளிடம்தான் அவர் தூங்குவதற்கு வழி கேட்டிருந்தார்.

“நிறுத்தீரு” என்றான் பிரசன்னா. “நாளையில இருந்து பாட்காஸ்ட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“நிறுத்துனா போட்ட மார்க்கு போயிருமாங்க? சும்மா விட்டுட்டு ஓடுன மாதிரி ஆயிரும். இனிமே யாரும் பேசி அனுப்ப வேண்டாம், எழுதி அனுப்பட்டும். நானே படிச்சர்றேன்.”

அப்படித்தான் கடிதங்கள் தொடங்கின. ஏற்கெனவே பேசியவர்களும் தங்கள் கேள்வியை ஒரு தடவை எழுதி அனுப்பினால் நல்லது என்று கேட்டுக்கொண்டாள். பழைய பதிவுகளையெல்லாம் நீக்கினாள். முதலில் வந்தது சென்னியப்பனின் கடிதம். அவர் எழுதியிருந்தபடியே, “நான் சென்னியப்பன், கோபிச்செட்டிபாளையத்திலிருந்து” என்று தொடங்கி, அவரே பேசுவதுபோல் படித்தாள். கடிதம் படிக்கிற வழக்கம் அதுதானே. அவளுக்கு அதற்குமேல் ஒரு எண்ணமும் இருக்கவில்லை.

எட்டாம் நாள் சென்னியப்பன் மறுபடி அவள் திரைக்கு வந்தார். குரல் அவளுடையது. பெயர் அவருடையது. மதிப்பெண் ஒன்று.

சிந்துஜா காதிலிருந்து கருவியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். யாருடைய குரல் என்று கேட்க இயந்திரத்துக்குச் சட்டம் வாய்ப்பூட்டு போட்டிருந்தது. ‘நான் சென்னியப்பன்’ என்று சொன்னால் அது சென்னியப்பன்தான். பெண்குரலாக இருக்கிறதே என்று சந்தேகப்படவும் அதற்கு அதிகாரமில்லை. கடைசியாக வந்த மதிப்பெண்தான் செல்லும். ஒரு நிகழ்ச்சியின் குரல்கள் எல்லாம் அதை முதலில் கேட்ட காதுக்கே வரும். குரலை முப்பது நாளில் அழித்துவிடுவார்கள், மதிப்பெண் மட்டும் நிற்கும். இத்தனையும் அவள் தினமும் பார்க்கிற விதிகள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. உறுதி அமுக்கினாள். அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் சென்னியப்பனிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பிரசன்னாவிடம் சொன்னபோது அவன் தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“ஏன் சிந்து, அந்த ஆளுக்கு நெசமாவே கை நடுங்குனா? வேன்ல முப்பது கொழந்தைக இருக்குமல்ல?”

அவள் அதை யோசிக்காமல் இல்லை. பெயர் சொல்லாமல் சென்னியப்பனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நீங்கள் சொல்கிற அறிகுறிகளுக்கு நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்ப்பது நல்லது, வருடம் ஒருமுறை போய்க் காட்டுங்கள் என்று. முதுகுவலிக்கு எதற்கு நரம்பு டாக்டர் என்று கேட்காமல் அவர் போனார். அக்கா சொல்லிவிட்டார் அல்லவா. இப்போதைக்கு ஒன்றுமில்லை, தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். டாக்டர் இன்றைக்கு இருப்பதைச் சொன்னார், இயந்திரம் வரப்போவதைச் சொன்னது. இரண்டில் எதுவும் பொய்யில்லை. கம்பெனிக்கு மட்டும் நாளைக்கு வருவதற்கு இன்றைக்கே தண்டனை தர வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் அவள் அதை ஒரு வேலையாகவே செய்தாள். வாரம் ஆறு கடிதம். ஒவ்வொன்றும் ‘நான்’ என்று தொடங்கும். நான் மயிலாத்தாள், பல்லடத்திலிருந்து. நான் அந்தோணிராஜ், வால்பாறையிலிருந்து. நான் ஷகீலா பானு, உக்கடத்திலிருந்து. பதினான்கு மாதத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேர் அவள் தொண்டை வழியாகப் போய் ஒன்றாம் நம்பர் ஆனார்கள். தன் தொண்டையை அவள் கோயில் மணி மாதிரி பார்த்துக்கொண்டாள். ஐஸ்கிரீம் கிடையாது, குளிர்ந்த தண்ணீர் கிடையாது, காலையும் மாலையும் உப்புத்தண்ணீர் கொப்பளிப்பு. ஒரே ஒரு வாரம் சளியோடு படித்துவிட்டாள். அந்த ஆறு பேருக்கும் மதிப்பெண் இரண்டு என்று வந்தது. நேயர்கள் விரும்பியதால் என்று சொல்லி, மறுவாரம் அதே கடிதங்களைத் திரும்பப் படித்துச் சரிக்கட்டினாள். பிரசன்னாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “உனக்குத் தும்மல் வந்தா கொங்குநாடே படுத்துக்கும் போல” என்றான். அவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். இல்லையென்று சொல்ல முடியாது.

கடிதங்கள் தொடங்கிய இரண்டாம் வருடம் ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மயிலாத்தாள் திரைக்கு வந்தார். போன மாதம் அவர் இன்னொரு கேள்வி எழுதியிருந்தார், சிந்துஜா படித்திருந்தாள். மதிப்பெண் ஐந்து.

சளி பிடித்திருக்கவில்லையே என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்தவர் காங்கேயத்து ஆள், ஐந்து. அடுத்தவர் ஊட்டி, ஐந்து. குட்டு வெளிப்பட்டுவிட்டது, கம்பெனி கண்டுபிடித்து எல்லோரையும் மொத்தமாகத் தண்டிக்கிறது என்று நினைத்தாள். திரும்பி ரெஜினா மேடத்தைப் பார்த்தாள். அவர் யாரிடமோ போனில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்.

பட்டியலை முழுதாகத் திறந்தாள். அன்றைய தொகுப்பில் அவள் நிகழ்ச்சியிலிருந்து இருபத்துமூன்று பேர். இருபத்துமூன்றும் கடைசி நான்கு வாரத்தில் படித்தவை. ஒவ்வொன்றிலும் மதிப்பெண்ணுக்குக் கீழே காரணம் எழுதியிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே காரணம். நரம்பு, நடுக்கம், மூன்று முதல் ஐந்து வருடம். பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் ஊட்டிக்கும் ஒரே வியாதி, ஒரே வேகத்தில், ஒரே மாதத்தில் வராது. அந்த இருபத்துமூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு தொண்டை.

ஒன்பதாவது பெயர் சென்னியப்பன். நன்றி சொல்லி ஒரு கடிதம் போட்டிருந்தார். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், டாக்டர் இந்த வருடமும் ஒன்றுமில்லை என்றார், வேன் ஓடுகிறது, எல்லாம் அக்கா புண்ணியம். சந்தோஷத்தில் அதையும் அவள் ‘நான்’ என்று படித்திருந்தாள். டிரைவர் இன்சூரன்ஸ் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்துக்கு மணி அடித்ததும் காருக்குப் போய் பிரசன்னாவைக் கூப்பிட்டாள். சொன்னாள்.

“மிஷின் தப்பா சொல்லியிருக்கும்” என்றான்.

“இத்தன வருசமா மத்தவங்களுக்கெல்லாம் சரின்னு அமுக்குனேன். எனக்கு மட்டும் தப்பாயிருமாங்க?”

“கை நடுங்குதா?”

“இப்ப நடுங்குது. அது பயத்துல.”

“சரி, பொழுதோட வர்றேன், டாக்டரைப் பாத்துக்கலாம். அந்த இருபத்துமூணு பேர மறுபடி படிச்சுச் சரி பண்ண முடியாதா?”

“சளின்னா அடுத்த வாரம் சரியாயிரும். இது ஆகாதுங்களே. மறுக்கறதுன்னா ரெண்டு காரணம்தான் பொருந்தும். குரல் தெளிவா இல்லைன்னு போட்டா ஆறு மாசம் தள்ளி வெப்பாங்க. அது வரைக்கும் பாலிசியும் நிக்கும், சென்னியப்பன் சாவி போயிரும். இன்னொண்ணு, குரல் இவங்களோடது இல்லைங்கறது. அதைப் போட்டா பழைய மார்க்கே திரும்பி வந்துரும். முந்தி படிச்ச குரலெல்லாம் அழிஞ்சு போச்சு, அதை யாரும் தோண்ட முடியாது. ஆனா...”

“ஆனா என்ன?”

“குரலுக்கு உரியவர் யாருன்னு ஒரு கட்டம் இருக்குது. பேரு போடாம படிவம் நகராது. இல்லாத ஆளு பேரையும் எடுத்துக்காது. யாரு பேரைப் போடறமோ அவங்க கணக்குல அந்த அஞ்சு ஏறிக்கும்.”

பிரசன்னா புரிந்துகொண்டான்.

“உன்ற பேரைப் போட்டா இன்னைக்கே வேலை போகும். வேலையோட ஆபீஸ் பாலிசி போகும். அப்பறம் இந்தியாவுல ஒரு கம்பெனி உனக்கு வைத்தியத்துக்குக் குடுக்காது. இது சாகற வரைக்கும் செலவு வைக்கற வியாதி சிந்து. சென்னியப்பன் யாரு நமக்கு? ஒரு தடவ நேர்ல பாத்திருக்கறயா?”

“இல்லைங்க.”

“அப்பறம்?”

“அவருக்கு மொதல்ல அஞ்சுன்னு உறுதி குடுத்தது நான்தானுங்க. பின்னால மேடம் வர்றாங்கன்னு பயந்துட்டு அமுக்குனேன். இன்னைக்கு மறுபடி பயந்துட்டு அமுக்குனா, அப்பறம் வாராவாரம் எந்த மூஞ்சியோட ஜனங்களைக் கொஞ்சம் உக்காருங்கன்னு சொல்லுவேன்?”

பிரசன்னா, “சாப்பிட்டயா?” என்று கேட்டான். இல்லை என்றாள். “சாப்பிட்டுட்டுப் போய் எழுது” என்றான். அவள் டப்பாவைத் திறந்து, ஆறிப்போன தக்காளிச் சோற்றை மீதம் வைக்காமல் சாப்பிட்டாள்.

மேலே போய் மயிலாத்தாளில் தொடங்கினாள். மறுப்பு. குரல் இந்த நபருடையது அன்று. குரலுக்கு உரியவர், சிந்துஜா பிரசன்னா, ஊழியர் எண், கோயம்புத்தூர். முதல் தடவை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினாள். நான்காவது, ஐந்தாவதில் பழகிவிட்டது. ஒன்பதாவதாக சென்னியப்பனின் பெயருக்கு எதிரே பழைய ஒன்று திரும்பி வந்து நின்றபோது அவளுக்கு நெஞ்சு லேசானது. அது உண்மை. அழுகையும் வந்தது, அதுவும் உண்மை. இருபத்துமூன்றும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

திரை காலியாக இருந்தது. காலியாக இருந்ததால்தான் அது நடந்தது. வேலை குறைவாக இருக்கிற காதுக்குப் புதுக் கணக்கை அனுப்புவது அந்த அமைப்பின் ஏற்பாடு. உரியவர் பெயர் மாறினால் அது புதுக் கணக்கு, புதுக் கணக்கை ஒரு மனிதக் காது கேட்டாக வேண்டும். அந்த நிமிடத்தில் ஆறாவது மாடியிலேயே சும்மா இருந்த காதுகள் அவளுடையவை மட்டும்தான்.

சிந்துஜா பிரசன்னா, கோயம்புத்தூர். மதிப்பெண் ஐந்து. நரம்பு, நடுக்கம், மூன்று முதல் ஐந்து வருடம். கீழே உறுதி, மறுப்பு.

அவள் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டாள். நல்ல தெளிவான குரல். அவசரமில்லாமல், யாருக்கோ ஆறுதல் சொல்கிற குரல். வேன் ஓடுவதையும் மகள் கல்லூரிக்குப் போவதையும் சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை கேட்டும் அவளுக்கு அதில் ஒரு பிசிறும் தெரியவில்லை. மற்றவர்களுடைய குரல்களிலும் ஒருநாளும் தெரிந்ததில்லை.

மூன்று மணிக்கு ரெஜினா மேடம் கூப்பிட்டார். அவர் திரையில் இருபத்துநான்கு வரிகள் இருந்தன. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் சிந்துஜாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

“அந்த அக்கா நீதானா?”

“ஆமாங்க மேடம்.”

“பக்கத்துலயே இருந்துருக்கா. நான் வேற கோயில் கட்டணும்னு சொன்னேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாயந்தரத்துக்குள்ள நான் மேலே அனுப்பித்தான் ஆகணும் சிந்துஜா. என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.”

“தெரியுமுங்க.”

“இருபத்துமூணு எனக்குப் புரியுது. அதுல ஒரு நியாயம் இருக்கு. இந்தக் கடைசி ஒண்ணுதான் புரியல.” ரெஜினா திரையை அவள் பக்கம் திருப்பினார். “இதைத் தெளிவில்லைன்னு மறுத்திருக்கலாம்லா? ஆறு மாசம் தள்ளிப் போயிருக்கும். அதுக்குள்ள வேற கம்பெனியில ஒரு பாலிசிய எடுத்துருப்ப. ஒருத்தரும் கேட்டுருக்க மாட்டோம். ஏன் உறுதி குடுத்தே?”

சிந்துஜா அந்தக் கடைசி வரியில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

“அந்தக் குரல் அவளோடதுதானுங்களே மேடம்” என்றாள்.